ஆறாம் அறையில் கேட்ட தமிழ்

"ஆயா... எங்க போயிட்ட?"

குளிர்காலத்துப் பின்னேரம், மூன்று மணி இருக்கும். கையில் அடுக்கிய தலையணை உறைகளோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் நின்றது நியூசிலாந்தின் ஒக்லண்டில், மவுண்ட் ரோஸ்கில் பக்கம் இருந்த ஒரு முதியோர் இல்லத்தின் லினன் அறை. படுக்கை விரிப்புகளும் துவாய்களும் அடுக்கி வைக்கும், ஜன்னல் இல்லாத சின்ன அறை. கதவைச் சாத்தினால் சோப்பு மணமும் சூடான பருத்தி மணமும் மூக்கை அடைக்கும். குரல் இடப்பக்கச் சுவருக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

தமிழ். அதில் சந்தேகமே இல்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளையின் தமிழ்.

அந்த வீட்டில் பிள்ளைகள் கிடையாது. இருபத்திரண்டு முதியவர்கள், எல்லோரும் வெள்ளைக்காரர். தமிழ் தெரிந்த இன்னொருவர், சலவை பார்க்கும் லட்சுமி அக்கா, இரண்டு மணிக்கே வேலை முடித்து பஸ் ஏறிப் போயிருந்தார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் முனகி அடங்கியது. பிறகு, அழுகைக்குப் பக்கத்தில் நிற்கிற குரலில்:

"ஆயா... நான் இங்கதான் இருக்கேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆறாம் அறை. தலையணை உறைகளைப் போட்டுவிட்டு ஓடினேன். அங்கே மிஸஸ் பெல்லமி மட்டும் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். எண்பத்து நாலு வயது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக ஒரு சொல்கூடப் பேசாதவர். கண் திறந்திருந்தது, கூரையைப் பார்த்தபடி. வாய் மூடியிருந்தது.

"குட் ஆஃப்டர்நூன், மிஸஸ் பெல்லமி."

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் வெளிச்சம். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன். இன்று எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று சிரிக்கவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, 'விலங்கியல் படித்த நீங்கள் எப்படி நேர்ஸ் ஆனீர்கள்?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்கான பதில் இந்தக் குரலோடுதான் சேர்ந்து கிடக்கிறது. அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் ஒக்லண்டுக்கு வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் விஞ்ஞானப் பட்டதாரி, பள்ளிக்கூட ஆசிரியை. இவர் கணக்குத் துறையில் நல்ல வேலையில் இருந்தவர். இங்கே இவருக்குக் கிடைத்தது ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. எனக்குக் கிடைத்தது முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நேர்ஸ் எய்ட் என்பார்கள். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது.

முதல் மாதம் வெட்கமாக இருந்தது. ஊருக்கு எழுதும் கடிதங்களில் 'ஒரு மருத்துவ நிலையத்தில் வேலை' என்று மழுப்பினேன். பிறகு என்னையறியாமல் அந்த வேலைக்குள் இழுபட்டுப் போனேன். பல்கலைக்கழகத்தில் நான் படித்த உயிர்களெல்லாம் போர்மலின் போத்தலுக்குள் கிடந்தவை. எதைக் கேட்டாலும் பதில் சொல்லாதவை. இங்கே ஒரு கிழவரின் காலைத் தொட்டால் வீக்கம் விரலுக்குப் பதில் சொன்னது. ஏன் வீங்குகிறது என்று எனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை யாரிடம் கேட்பது?

ஒரு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு நேர்சிங் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு ஆசிரியை என் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"டிகிரி முடித்தவர்களுக்கென்று தனிப்பாதை எங்களிடம் இல்லை," என்றார். "எல்லோருக்கும் மூன்று வருட டிப்ளோமாதான். ஆனால் நீங்கள் படித்த பாடங்களின் பட்டியல் முத்திரையோடு வந்தால், உடற்றொழிலியல், இரசாயனம் மாதிரிச் சில பாடங்களை விட்டுத்தரலாம்."

"அப்படி விட்டால் பின்னேரங்களில் வேலைக்குப் போகலாமா?"

"கிழமைக்கு இரண்டு மூன்று பின்னேரம் கிடைக்கும்."

அந்த இரண்டு மூன்று பின்னேரங்களில்தான் எல்லாம் தொங்கியது. என் சம்பளம் அடியோடு நின்றால் ஏவன்டேல் வீட்டின் வாடகையே எங்களுக்குப் பெரிது. அதற்கு மேல் மூன்று வருடப் படிப்பு என்பது நினைத்தே பார்க்க முடியாதது.

விண்ணப்பத்துக்கு மூன்று காகிதங்கள் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பாடப்பட்டியல். அதற்கு எழுதிப் போட்டு நாலு மாதமாகியும் பதில் இல்லை. அந்த நாட்களில் அங்கே தபால் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தது, வேலை செய்யும் இடத்தின் பொறுப்பு நேர்ஸ், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுபவர், எழுதித் தரும் நற்சான்று. மூன்றாவது, உடல்நலம் பற்றிய ஒரு படிவம்.

அந்தப் படிவத்தின் நடுவில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: மனநோய் எதற்காவது எப்போதாவது ஆளாகியிருக்கிறீர்களா?

லினன் அறையில் குரல் கேட்ட அன்றைக்கு, அந்தப் படிவம் நிரப்பாமல் என் கைப்பைக்குள் மடித்துக் கிடந்தது.

முப்பத்தொரு பிள்ளைகள்

மறுநாள் குரல் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. அடுத்த கிழமை இரண்டு தடவை. எப்போதும் அதே நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடே உறங்கும் நேரம். நடையில் போட்டிருந்த கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கிவிடும். அறை அறையாகப் பாதி திறந்த கதவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் திறந்த வாயோடு ஒரு முகம். அந்த நேரத்தில் அந்த வீட்டில் நடமாடும் ஒரே ஆள் நான்தான் என்று தோன்றும்.

"கங்காணி... அடிக்காத. ஆயாவ அடிக்காத."

அதைக் கேட்ட அன்று விரிப்புகள் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அது யாழ்ப்பாணத் தமிழ் அல்ல. தமிழ்நாட்டுத் தமிழும் அல்ல. அந்த இழுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். என் முதல் நியமனமே மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில். பனிக்குள்ளால் வரிசையாக நடந்து வருவார்கள். முதலில் சிரிப்புத்தான் கேட்கும், பிறகுதான் உருவம் தெரியும். "டீச்சர், நீங்க பேசுறது புரியல," என்று என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

இரண்டு வருடம் அங்கே இருந்தேன். பிறகு கலவரம் வந்தது. ஒரு காலைப் பொழுதில் தலைமை ஆசிரியர் என்னை ஒரு லொறியின் பின்பக்கத்தில் ஏற்றிவிட்டார். மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தேன். வகுப்புக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு வரவில்லை. கரும்பலகையில் தவளையின் இதயத்தைப் பாதி கீறி வைத்திருந்தேன்.

அந்த வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் யாருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால்தான் பயந்தேன். 'டீச்சர்' என்று அந்தக் குரல் ஒரு தடவையாவது கூப்பிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன். விரிப்புகளை அடுக்கும்போது முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, இவளா, இவனா என்று பார்த்தேன்.

இவர் சொன்னது

இரண்டு கிழமை ஒளித்து வைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் இவரே கேட்டுவிட்டார்.

"என்னப்பா, கொஞ்ச நாளா முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுது?"

"ஆயாவைத் தேடுது. ஒரு நாள் தண்ணி கேட்டது."

"உமக்கு மட்டுந்தான் கேக்குதோ?"

"ஓம். அந்த நேரம் அங்கை வேறை ஒருத்தரும் இல்லை."

"உமக்கு நித்திரை காணாது. டொக்டரிட்டை ஒருக்காப் போவமே?"

"போனால் அது பேப்பரிலை ஏறும். படிவத்திலை கேட்டிருக்கிறாங்கள். பைத்தியக்காரியை ஆர் நேர்சிங் படிக்க எடுப்பாங்கள்?"

தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது. அது போய் முடிந்த பிறகு இவர், வேறு யாருடையதோ கதை போலச் சொன்னார்: "வேலையிலை பெல்ட் நிக்கிற நேரம் எனக்கு ஊரிலை பறந்த ஹெலிகொப்டர் கேக்கிறது. ஒவ்வொரு நாளும். மேலே பாப்பன். தகரக் கூரைதான் இருக்கும்."

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிறோம், எனக்குத் தெரியாது.

"விண்ணப்பம் போகும் மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

லட்சுமி அக்கா காவல் நின்றது

ஆனாலும் ஒருவரிடம் சொன்னேன். லட்சுமி அக்கா ஃபிஜியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர். வீட்டில் ஹிந்திதான் புழக்கம் என்றாலும், அம்மாவிடம் கேட்டுப் பழகிய கொஞ்சத் தமிழ் அவரிடம் இருந்தது. அதை என்னோடு பேசுவதில் அவருக்கு ஒரு ஆசை.

"நீ ஒண்ணும் பயப்படாத, வசந்தி. நான் ஒரு நாள் இருந்து பாக்குறேன்," என்றார்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு நின்றார். லினன் அறைக்குள் இருவரும் தோளோடு தோள் இடிக்க, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் நின்றோம். மூன்று மணி ஆனது. மூன்றே கால். மூன்றரை. சுவர் சுவராகவே இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் சலவைத் தூளால் வெடித்திருந்தன.

"சிஸ்டர்கிட்ட சொல்லிடாத. ஆமா, சொல்லாத. எழுதி வச்சிடுவாங்க. நீ படிக்கப் போற பொண்ணு."

அவர் என்னை நம்பவில்லை என்பது அந்தப் பரிவிலேயே தெரிந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கும் என்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. கண்ணாடியில் தெரிந்த என் முகத்தை, ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

பேய்க்கு வயிறு வலிக்காது

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மண்ணிற உறை வந்தது. உறையை யாரோ திறந்து பார்த்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே முத்திரையோடு பாடப்பட்டியல் பத்திரமாக இருந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நற்சான்றுப் படிவத்தைச் சிஸ்டர் டோரனின் மேசையில் ஏற்கெனவே வைத்துவிட்டேன். அவர்தான் அந்த இல்லத்தின் பொறுப்பு நேர்ஸ். மெலிந்து உயர்ந்த பெண்மணி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

புதன்கிழமை பின்னேரம் லினன் அறையில் துவாய்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"வவுறு வலிக்குது, ஆயா. ரொம்ப வலிக்குது."

கை நின்றது. ஆனால் இந்த முறை பயத்துக்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டது. அது விலங்கியல் மூளைதான் என்று நினைக்கிறேன். பேய்க்கு வயிறு வலிக்காது. வலிக்க வேண்டுமானால் வயிறு வேண்டும். வயிறு இருக்கிற ஒரே உயிர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறது.

ஆறாம் அறைக்குள் போனேன். வழக்கமான ஆங்கில வணக்கத்தைச் சொல்லவில்லை. கட்டிலருகே குனிந்து, மலைநாட்டுப் பிள்ளைகளிடம் பேசிய அந்தத் தமிழிலேயே கேட்டேன்:

"எங்க வலிக்குது?"

கூரையில் இருந்த நீலக் கண்கள் மெதுவாக இறங்கி என் முகத்துக்கு வந்தன.

இரண்டு வருடமாக அந்தக் கண்கள் யார் முகத்திலும் நின்றதில்லை. என் முகத்தில் நின்றன. சுருங்கிய உதடுகள் பிரிந்தன. அந்த வாயிலிருந்து, அந்தச் சின்னப் பிள்ளையின் குரல்:

"வந்திட்டியா ஆயா?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் அவருடைய நல்ல கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கிழவியின் கை, பிள்ளையின் பிடி.

"வந்திட்டேன். எங்க வலிக்குதுன்னு காட்டுங்க."

என் கையை இழுத்து அடிவயிற்றில் வைத்தார். போர்வைக்கு மேலாலேயே தெரிந்தது. தேங்காய் போலக் கல்லாக இருந்தது.

சிஸ்டரின் மேசை

சிஸ்டர் டோரன் தன் அறையில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்தது என்னுடைய நற்சான்றுப் படிவம். தலைகீழாகவும் என் பெயரை என்னால் வாசிக்க முடிந்தது.

"மிஸஸ் பெல்லமிக்கு அடிவயிற்றில் வலி, சிஸ்டர்."

"எப்படித் தெரியும்?"

வயிறு கல்லாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது எப்படித் தெரியும் என்று.

"அவரே சொன்னார்."

பேனா நின்றது. "மிஸஸ் பெல்லமி பேசுவதில்லை."

"பேசினார், சிஸ்டர். தமிழில். என் பாஷையில்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இரவெல்லாம் கத்துகிற நோயாளிகளைப் பார்க்கும் பார்வை, கோபமே இல்லாதது.

"வசந்தி, நீங்கள் ஒழுங்காகத் தூங்குகிறீர்களா?"

மேசையில் என் படிவம். அதற்குப் பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. இந்த இடத்தில் 'தவறாகக் கேட்டிருப்பேன்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

"எனக்குப் பைத்தியமாகவே இருக்கட்டும், சிஸ்டர். நீங்கள் அவருடைய வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்."

எழுந்து வந்தார். நடையில் அவருடைய சப்பாத்துகள் எனக்கு முன்னால் வேகமாகப் போயின. போர்வையை விலக்கி, கையைச் சூடாக்கிக்கொண்டு, அழுத்தினார். மிஸஸ் பெல்லமி வாய் திறக்கவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது. சிஸ்டரின் முகம் மாறியது.

"டொக்டரைக் கூப்பிடுங்கள். உடனே."

சிறுநீர் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. பல நாட்களாக. நிறைந்து வழிவது மட்டும் சொட்டுச் சொட்டாகப் போய் விரிப்பை நனைத்துக்கொண்டிருந்ததால் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் விரிப்பு மாற்றியவளே நான்தான். போர்வையைப் பிய்க்கிறார், பிய்க்கட்டும், வயதாகிவிட்டது என்று விட்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் போட்டதும் அவர் அயர்ந்து தூங்கிவிட்டார் என்று சொன்னார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் சிறுநீரகம் தாங்கியிருக்காதாம்.

ஏன் அவர் சுவருக்குள்ளிருந்தே பேசினார், ஏன் என் முகத்துக்கு நேரே பேசவில்லை என்று அன்று மாலை பஸ்ஸில் யோசித்தேன். விடை மிகச் சின்னது. லினன் அறையில் நான் வாய்விட்டு எண்ணுவேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஆங்கிலத்தில் எண்ண எனக்குக் கை வராது. மெல்லிய பலகைச் சுவர் வழியாக அந்தத் தமிழ் போய் எதையோ தட்டி எழுப்பியிருக்கிறது. அறைக்குள் போனால் நான் ஆங்கிலக்காரி ஆகிவிடுவேன், அவரும் மௌனமாகிவிடுவார். லட்சுமி அக்கா காவல் நின்ற அன்று நாங்கள் வாயே திறக்கவில்லை.

விடை தெரிந்த பிறகும் மறுநாள் அந்த அறைக்குள் தனியாகப் போக எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னர் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன்.

நேர்முகத்தில் கண்ணாடிச் சங்கிலி ஆசிரியை, சிஸ்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். இரண்டே வரி எனக்கு ஞாபகம்: "இவர் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பாமலே போய்ப் பார்த்தேன், இவர் சொன்னது சரியாக இருந்தது." இடம் கிடைத்தது. மூன்று பாடங்களை விட்டுத் தந்தார்கள். கிடைத்த பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் அதே இல்லத்தில் வேலை செய்துதான் படித்தேன். இவர் பெட்டி அடைத்த கையோடு வந்து சமைத்தார். மூன்று வருடமும் எங்கள் வீட்டில் பருப்பும் முட்டைக்கோவாவும்தான்.

ஒரு சொல் கற்றுக்கொடுங்கள்

மிஸஸ் பெல்லமி அந்த வருடம் டிசம்பரில் புஹுட்டுகாவா மரங்கள் பூத்துச் சிவக்கத் தொடங்கிய நேரம் காலமானார். நான் வேலையில் இல்லாத ஒரு நாள். அதற்கு இரண்டு மாதம் முந்தி அவருடைய மகன் வந்து போனதைச் சொல்ல வேண்டும்.

தாய் தமிழில் பேசுகிறார் என்று சிஸ்டர் அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அறுபதை நெருங்கும் மனிதர், தெற்கே மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். பெரிய கைகளில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தார். ஞானஸ்நானப் பத்திரம். தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு ஊரின் தேவாலயத்துப் பெயர் அதில் இருந்தது.

"இங்கிலாந்தில் பிறந்ததாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அம்மாவின் பெட்டியில் தேடியபோது இது கிடைத்தது. ஏழு வயதில் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள்." பிறகு தயங்கிக் கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

சொன்னேன். ஆயாவைத் தேடுகிறார். ஆயாவை அடிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார்.

"ஆயா என்றால் யார்?"

"உங்கள் அம்மாவை வளர்த்த பெண்."

"அவளை யார் அடித்தது?"

"கங்காணி. தோட்டத்தில் வேலை வாங்குகிறவர்."

"என் தாத்தாதான் அங்கே துரையாக இருந்திருக்கிறார்," என்றார். "அந்த நேரம் அவர் எங்கே நின்றார்?"

அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை.

"இனி யாரும் அடிக்க மாட்டார்கள் என்று உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். நடையில் மேலும் கீழும் நடந்து, பள்ளிக்கூடப் பையன் போல உதடசைத்துப் பாடமாக்கினார். பிறகு ஆறாம் அறைக்குள் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தாயின் கையைப் பிடித்தார்.

"இனி யாரும் அடிக்க மட்டாங்க," என்றார், நெடிலைக் குறிலாக்கி.

கண்கள் கூரையிலிருந்து இறங்கின. அவரை நன்றாகப் பார்த்தன.

"நீ யாரு?"

மகன் என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னார்?"

அந்த வீட்டில் இப்படிப்பட்ட நேரங்களில் சொல்வதற்கென்றே சில நல்ல பொய்கள் வைத்திருப்போம். 'உங்களைப் பார்த்ததில் சந்தோஷமாம்.' அது என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் மாற்றிச் சொன்னால், அது மாற்றிச் சொன்னது என்று காட்டித்தர உலகத்தில் யாரும் இல்லை. அந்த நினைப்பே எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்கள் யார் என்று கேட்கிறார்."

தலையை ஆட்டிக்கொண்டார். "அவருடைய பிள்ளை என்று எப்படிச் சொல்வது?"

"மகன்."

"மகன்," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மிஸஸ் பெல்லமி அந்த நரைத்த தலையைப் பார்த்தார். பெரிய காதுகளைப் பார்த்தார். மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத சிரிப்பு. முன்பல் விழுந்த ஆறு வயதுப் பிள்ளை சிரிப்பது போல, அந்த வயதான தொண்டைக்குள்ளிருந்து கிலுகிலுவென்று வந்தது.

"பொய்!"

"இது என்ன?"

"பொய் என்கிறார். உங்களை நம்ப முடியாதாம்."

அவருடைய முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் சிரித்துவிட்டார். "பள்ளிக்கூடம் போகாமல் இருக்கத் தலைவலி என்பேன். அப்போதும் ஒரு நாளும் நம்பமாட்டார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டார். "அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னேன்.

அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்டன. ஒன்று கட்டைக் குரல், தப்பான உச்சரிப்பு. மற்றது சின்னப் பிள்ளை.

"மகன்."

"பொய்!"

"பொய்."

"பொய்!"

நடையின் முடிவில் திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவுக்குள்ளே இரண்டு நரைத்த தலைகள்தான் தெரிந்தன.